அதனதன் இடத்தில்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் மட்டும், மழை இல்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பியதால் தோல் பதனிடும் ஷாப் வாடை சமையலறை வரை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. முழங்கால் வலி பரவாயில்லை.

ஞாயிறு மலர் ஆசிரியர் பாலுவின் போன். காட்பாடியில் ஓர் ஆய்வகம். பழத்தில் மொய்க்கிற சின்ன ஈயை வைத்து ஆராய்ச்சி. கருவுக்குள் உடம்பு உருவாகும்போது கை எங்கே, கால் எங்கே என்று எது முடிவு செய்கிறது என்பது விஷயம். "அண்ணே, ஆம்பூர்ல உக்காந்துகினு இத்தினி வருஷமா பாலாறு, கழிவுத் தண்ணி, ஷூ கம்பெனி ஸ்டிரைக்குனே எழுதிட்டீங்க. ஒரு மாறுதலுக்கு ஈ எழுதுங்க." சரி என்றேன். வீட்டை விட்டு வெளியே போக ஒரு வேலை வேண்டும்போல் இருந்தது.

மகள் எஸ்தர் நேற்றே வந்துவிட்டாள். ஏழாம் மாதம். மாப்பிள்ளை சாமுவேல் கொண்டுவந்து விட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஷிஃப்டுக்கு ஓடினார். வளையல் அடுக்க வேண்டாம் என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். கிருபா வற்புறுத்தவில்லை. இதே வேறு வீட்டு விஷயமாக இருந்தால் என் மனைவி தெருவையே கூட்டி அடுக்க வைத்திருப்பாள்.

போன தடவை அடுக்கினோம். எட்டாம் மாதத்தில் அசைவு நின்றது. பெண். இறந்துதான் பிறந்தாள். இந்த வீட்டில் அதற்கு 'அப்போ' என்று பெயர். அப்போ வாங்கின ஃபேன். அப்போ வந்த மழை. யாரும் அதற்கு மேல் போவதில்லை.

வாங்க: மாதுளை, கிருபாவுக்கு பிரஷர் மாத்திரை, ரீஃபில், கொசுவர்த்தி.

சாயங்காலம் எஸ்தர் பின் ஜன்னலில் நின்றாள். ஷாப் கழிவு ஓடும் கால்வாயையே பார்த்துக்கொண்டு.

"இன்னாமா பாக்குற?"

"தண்ணி இன்னிக்கி நீலமா இருக்குப்பா. நா சின்னப் புள்ளயில இதுல காகித கப்பல் விட்டுருக்கேன்ல?"

"எல்லாரும்தான் விட்டாங்க."

ஜன்னலைச் சாத்தினாள். இந்தப் புழுக்கத்தில்.

ஜூலை 15, செவ்வாய்

ரயில் தாமதம். காட்பாடி வரை நின்றுகொண்டே. பக்கத்தில் ஷூ கம்பெனி அட்டை மாட்டிய பெண்கள் இருவர்.

"கட்டிங்ல இருந்து ஸ்டிச்சிங்குக்கு மாத்தினதுக்கே மூஞ்ச தூக்கி வெச்சிக்கினா அவ."

"நீ மட்டும் இன்னா? டீ பிரேக்கு கம்மி பண்ணான்னு சூப்ரவைசர் பொண்டாட்டிகிட்ட போயி கம்ப்ளைன்ட் பண்ணவதான நீ."

ஆய்வகம் இரண்டு அறைகள். உள் அறை மார்கழிக் காலை மாதிரி குளிர். வாசனை விசித்திரம்: மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட் சேர்த்துக் காய்ச்சிய கூழ், லேசாகப் புளித்த மாதிரி. ஈக்களுக்குச் சாப்பாடு. சுவர் முழுக்கச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். வாயில் பஞ்சு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஊர்.

காட்டியவர் கோமதி, ஆராய்ச்சி மாணவி. முப்பது வயது இருக்கும். அணைக்கட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். "எங்க வீட்ல எல்லாரும் மாடு மேய்க்கறாங்க சார். நா ஒருத்திதான் ஈ மேய்க்கறேன். கறக்க முடியாதான்னு எங்கம்மா கேக்குது."

ஒரு குப்பியை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். கீழிருந்து வாயு. ஈக்கள் அப்படியே சாய்ந்தன. மெல்லிய தூரிகையால் ஒதுக்கினார்.

"செத்துடுச்சா?"

"தூங்குது சார். இங்க தூங்கறது ஜாஸ்தி, சாவறது கம்மி."

நுண்ணோக்கியில் முதலில் சாதாரண ஈ. சிவந்த கண்கள். நடுவே உணர்கொம்பு எனும் இரண்டு குட்டி மீசைகள், இறகு மாதிரி நுனி. அழகுதான். இதுவரை கையால் விரட்டியதைத் தவிர ஈயிடம் எனக்குப் பழக்கம் இல்லை.

பிறகு அடுத்தது.

மீசை இருக்க வேண்டிய இடத்தில் கால். இரண்டு. மூட்டு, மயிர், நுனியில் நகம், எல்லாம் ஒழுங்காக. முகத்திலிருந்து முளைத்து முன்னால் தொங்கின. மயக்கம் தெளிந்ததும் ஈ எழுந்து நடந்தது. ஆறு கால்கள் நடந்தன. முகத்துக் கால்கள் மட்டும் அசையவில்லை.

"அது சும்மா தொங்கும் சார். தன்ன கால்னு நெனச்சிக்கினு வளந்துடுச்சி. நடக்கத் தெரியாது."

கோமதி சொன்னதில் எனக்குப் புரிந்தது, கட்டுரைக்கு:

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் உண்டு. கால் செய்யத் தேவையானது முகத்திலும் இருக்கிறது. எது எங்கே பேச வேண்டும், எது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்வது புரதங்கள். ஒன்று மட்டும் போதாது. இரண்டு புரதங்கள் மரபணுவின் பக்கத்தில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் "இங்கே மீசை" என்ற பேச்சு தொடங்கும். அதில் ஒன்றுக்கு இன்னொரு துணை வேறு. அந்தத் துணை இல்லாமல் அதனால் செல்லின் உள்ளறைக்குள் நுழையவே முடியாது, வெளியிலேயே நிற்கும். "பொண்ணோட அண்ணன் வந்து கைய புடிச்சி கூட்டிம்போனாதான் மாப்ள மணவறைக்கு வருவாரு இல்ல சார், அந்த மாதிரி."

அவருடைய வேலை: அந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம். "ரெண்டுமே இருக்கு சார். அளவும் கம்மி இல்ல. பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. ஆனா பிடி இல்ல. அவ்ளோதான், கால் வந்துடுது."

அவ்வளவுதான்.

கண்வில்லையில் போனை வைத்து ஒரு படம். முதல் இரண்டும் கலங்கல். மூன்றாவது தெளிவு. வேண்டிய அளவுக்கு மேலேயே தெளிவு.

ஜூலை 16, புதன்

கட்டுரை நகரவில்லை. முதல் வரி எழுதி அடித்தேன், மறுபடி எழுதி அடித்தேன். ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் என் முகத்தையே அதிக நேரம் பார்த்துவிட்டேன். கிருபா: "இன்னா, பொண்ணு பாக்க போறீங்களா?"

பதினொரு மணிவாக்கில் பக்கத்து வீட்டு நூர்ஜஹான். ஷூ மேல்பாகங்களை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுப்பவர். மடியில் பாதி தைத்த ஷூவோடு வந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஊசி போட்டார். கிருபாவும் அவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். முதல் குழந்தை தங்காத வீட்டில் அடுத்ததைப் பிறந்த கையோடு பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வேறு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துச் சாவு திரும்பிப் போய்விடுமாம். வாங்குபவர் நூர்ஜஹான்.

"நா வாங்கிக்கறேன் எஸ்தரு. பீ மூத்திரம் அள்றது மட்டும் நீ பாத்துக்கோ."

"நா இன்னா கன்னுக்குட்டியா பெக்கறேன், தவுட்டுக்கு விக்க?"

எல்லோரும் சிரித்தோம். எஸ்தரும். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. கிருபா குரலைத் தாழ்த்தி, "பாஸ்டருக்கு மட்டும் தெரிய வேணாம்."

மதியம் நூர்ஜஹான் மதில் மேலிருந்து ஒரு பை தவிட்டை நீட்டினார். "அண்ணே, அட்வான்ஸு. நாளைக்கி வேற யாருக்காவது வித்துடப் போறீங்க." வாங்கினேன்.

பை கைக்கு வந்ததும் என் வலது முழங்கை தானாக மடங்கியது. பையின் தலைப்பக்கம் மடிப்பில், அடிப்பக்கம் உள்ளங்கையில். இடது கை மேலே வந்து மூடிக்கொண்டது. எடை அதே. மதில் ஓரம் எவ்வளவு நேரம் நின்றேனோ. "இன்னாண்ணே, கனமா?" என்றார்.

எழுதிவிடுகிறேன். அப்போ நான்தான் தூக்கிப் போனேன். சாமுவேல் கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்தார். அதற்கு மேல் அவருக்குக் கால் வரவில்லை. குழி தோண்டியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணியை விலக்கிப் பார்த்தது நான் ஒருவன். எஸ்தருக்குக் காட்டவில்லை. தாய் பார்த்தால் அடுத்தது நிற்காது என்றாள் கிருபா. அவளும் பார்க்கவில்லை. நர்சிங் ஹோமில் யாரும் எதுவும் கேட்கவில்லை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள்.

தவிட்டை டப்பாவில் கொட்டினேன். பை காலியான பிறகும் கை மடங்கியே இருந்தது.

ஜூலை 17, வியாழன்

வேலூரில் ஸ்கேன். எஸ்தர் நர்ஸாக வேலை பார்ப்பதும் அங்கேதான், பிரசவ வார்டு. அதனால் வரிசை இல்லை. திரை மறைவுக்கு இந்தப் பக்கம் நான்.

"வளர்ச்சி நல்லா இருக்கு சிஸ்டர்."

"மூஞ்சி ஒரு தடவ காட்டுங்க மேடம்."

"போன ஸ்கேன்லயே பாத்தாச்சே. நார்மல்."

"ஒரு தடவ மேடம்."

"இதோ. மூக்கு, உதடு. போதுமா?"

"கை?"

"சிஸ்டர், நீங்களே லேபர் வார்டு ஸ்டாஃப். உங்களுக்கு நா சொல்லணுமா?"

"விரல் மட்டும் எண்ணிடுங்க மேடம், ப்ளீஸ்."

எண்ணினார்கள். எஸ்தர் வெளியே வந்து மறுபடி உள்ளே போனாள். காரணம் கேட்டதற்குக் கைக்குட்டையை மறந்துவிட்டாளாம். கைக்குட்டை அவள் கையில் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் இருக்கை. பள்ளிகொண்டா தாண்டி நாலு தூறல், அவ்வளவே. எஸ்தர் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வந்ததும் மறுபடி ஒன்று.

மடங்குகிற கைக்குச் சுளுக்குத் தைலம் வாங்க மறந்தது.

ஜூலை 18, வெள்ளி

கோமதிக்குப் போன். கேட்க வேண்டியவை:
– முதல் கோட்டை யார் போடுகிறார்கள்?
– தாயின் பங்கு என்ன?
– வழியில் நின்றுபோவது?
– ஈக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா? (பாலு கேட்கச் சொன்னது)

லீவு இல்லை. "எங்களுக்கும் இல்ல சார்."

முட்டையின் முதல் சில மணி நேரம் குழந்தையின் மரபணுக்கள் ஏறக்குறைய உறக்கத்தில். தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பியதுதான் வேலை செய்கிறது. தலை எந்தப் பக்கம் என்பதுகூட தாய் வைத்ததுதான். பிறகு குழந்தையின் சொந்தப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் உடம்பைப் பட்டை பட்டையாகப் பிரிக்கின்றன. பிரித்த கையோடு அவற்றில் பல மறைந்துவிடும்.

"அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"அதுக்குன்னே வேற புரோட்டீன் கூட்டம் இருக்கு சார். நீ தலை, நீ வயிறுன்னு யார் சொன்னாங்களோ அவங்க போயிடுவாங்க. சொன்னத இவங்க காப்பாத்துவாங்க. அந்த செல் ரெண்டாகி, நாலாகி, எத்தினியானாலும். கடைசி வரைக்கும்."

சொன்னவர் இல்லை. சொன்னது இருக்கிறது. இதை நாளெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கை வேறு அவ்வப்போது மடங்கியது.

மூன்றாவது கேள்வி கட்டுரைக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன். முட்டையிலேயே நின்றுபோனால்?

"நிறைய நிக்கும் சார். பொரியாதத எடுத்து தோல உரிச்சி பாப்போம். சிலதுல கோளாறு பளிச்சினு தெரியும். சிலதுல எல்லாமே அதது எடத்துல இருக்கும். ஒரு குறையும் இருக்காது. ஆனா நின்னு போயிருக்கும்."

"ஏன்?"

"தெரியல சார்." கொஞ்சம் கழித்து, "இத போட்டுடாதீங்க. எங்க மேடம், ஏன் தெரியலன்னு சொன்னன்னு கேப்பாங்க."

தெரியவில்லை என்று சொல்லும் ஆள் கிடைப்பதே இந்தத் தொழிலில் அபூர்வம். போடத்தான் வேண்டும்.

ஜூலை 19, சனி

ஸ்கேன் அறிக்கையை சாமுவேலுக்கு அனுப்ப எஸ்தர் என் போனை எடுத்தாள். படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் நின்றாள்.

"இது இன்னாப்பா?"

மடையன் நான், உற்சாகமாகச் சொன்னேன். ஈ, மீசை இடத்தில் கால், இரண்டு புரதம், பிடி இல்லை. அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரையில் முகம் மட்டும்.

"உயிரோடவா இருக்குது?"

"இருக்குது. பறக்கக்கூட செய்யுது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். மதியம் சாப்பிடவில்லை. "பேஜாரா இருக்குமா, அப்புறம் சாப்பிடறேன்" என்றாளாம் கிருபாவிடம்.

மூன்று மணிக்கு மேல். கிருபா கடைக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் பழைய பேப்பர் கட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் வந்து நாற்காலியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா. எம்புள்ளைக்கும் மூஞ்சி இந்த மாதிரிதான இருந்துச்சி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. இன்னா சொல்ற என்றேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. எங்க வார்டுல நார்மலா இருந்தா செத்து பொறந்தாலும் அம்மா கையில குடுப்போம். பாத்துக்கோம்மானு சொல்லுவோம். பாக்க முடியாத மாதிரி இருந்தாதான் துணியில சுத்தி ஆம்பளைங்க கையில குடுத்து அனுப்புவோம். நானே சுத்தியிருக்கேன். எப்டி சுத்தணும்னு எனக்குத் தெரியும். எனக்குக் காட்டலல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லமா. உங்கம்மாதான்…"

"நீங்க ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவீங்க. நாங்களும் அதான் சொல்லுவோம்."

கேட் சத்தம். கிருபா. எஸ்தர் உள்ளே போய் பீன்ஸ் நறுக்கத் தொடங்கினாள். கத்தியின் சத்தம் சீராக வந்துகொண்டே இருந்தது.

அப்போதிருந்து இன்றுவரை தினமும் ஒரு முகத்தைச் செய்து செய்து பார்த்திருக்கிறாள். அந்தக் கால்வாய்த் தண்ணீரில் இருந்து, கப்பல் விட்ட கையில் இருந்து, வார்டில் தான் சுற்றிக் கொடுத்த ஒவ்வொன்றிலும் இருந்து எடுத்துச் செய்திருக்கிறாள். நேற்றுவரை அதற்கு ஓர் உருவம் இல்லாமல் இருந்திருக்கலாம். படத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

ஜூலை 20, ஞாயிறு

கோவிலில் ஒரு ஞானஸ்நானம். பாஸ்டர் குழந்தையைத் தூக்கியதும் எஸ்தர் முன்னால் குனிந்தாள். தண்ணீர் பட்டு அது அழுதபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. பாஸ்டரின் பிரசங்கம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீடு திரும்பியதும் கிருபாவிடம், எஸ்தர் நேற்றுக் கேட்டதையும் நான் பார்த்ததை அவளுக்குச் சொல்லப்போவதையும் சொன்னேன். அவள் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "வேணாங்க."

"அவ இன்னா நெனச்சிக்கினு இருக்கான்னு கேட்டல்ல?"

"கேட்டேன். இன்னும் ரெண்டு மாசம். பெத்து எடுக்கட்டும். அப்புறம் நீங்க பேப்பர்லயே போடுங்க. இப்ப அத பத்தி பேசி, அவ கண்ணுல அது நின்னுகினு, வயித்துல இருக்கறதுக்கு எதாவது ஆச்சினா?"

"இப்பவே அவ கண்ணுல நிக்குதே. அதுவும் இல்லாதது நிக்குது."

"ரெண்டு மாசம் தாங்க மாட்டாளா? நா தாங்கல?"

குக்கர் மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை எடுத்துப் போட்டாள். மூன்றாவது தடவை நான் அழுத்தினேன். நான் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது: நீ எதைத் தாங்குகிறாய்?

மதியம் சாமுவேல் வந்தார். எஸ்தருக்குப் பிரியாணி. பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் கேட்டேன், அன்று எதையாவது பார்த்தீர்களா என்று. "இல்ல மாமா." துணியை மடித்துக்கொண்டே, "நீங்க பாத்தீங்கல்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

ஆக ஒரே சாட்சி. நான்.

ஜூலை 21, திங்கள்

'ஒன்றும் இல்லை' என்று சொன்னால் நம்பமாட்டாள். அந்தச் சொல்லை அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். என்ன இருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். விபத்து, தீ, ஆற்றில் போன உடல் என்று எத்தனையோ பார்த்து எழுதியிருக்கிறேன். பார்த்ததற்கும் பார்த்ததாக நினைப்பதற்கும் நடுவே கோடு போடத் தெரியும். போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். பார்க்காதவைதான் முதலில் வந்தன. கண்ணின் நிறம். முதுகு. இடது கை. பாதம் ஒன்று. இவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மற்றதையும் நம்பமாட்டாள்.

பார்த்தவை தானாக வந்தன. எதுவும் மங்கவில்லை. அதுதான் பயம்.

சமையலறையில் வெடித்த வாழைப்பழத்தின் மேல் இரண்டு குட்டி ஈக்கள். பூதக்கண்ணாடி எடுத்து வந்தேன். ஒன்று பறந்துவிட்டது. மற்றது காட்டியது. மீசை, மீசையின் இடத்தில். கிருபா பின்னாலிருந்து: "அத கொஞ்சிகினு இருக்காம பழத்த தூக்கி போடுங்க."

மின்வாரியத்திலிருந்து செய்தி: நாளை பராமரிப்பு, காலை முழுக்க கரன்ட் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

கரன்ட் ஒன்பதுக்கே போயிற்று. கிருபா நூர்ஜஹான் வீட்டுக்கு, ஷூ தையலுக்குக் கை கொடுக்க. எஸ்தர் பின்வாசல் படியில், விசிறியோடு. நான் மோடாவை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"எஸ்தரு. நா பாத்தத மட்டும் சொல்றேன். பாக்காதத பாக்கலன்னு சொல்லிடறேன்."

விசிறி நின்றது.

"நீ கேளு."

பிறகு வார்டு குரலில், குறிப்பெடுக்கிற மாதிரி, மேலிருந்து கீழே வந்தாள்.

"தலை?"

"உருண்டையா. முடி இருந்திச்சி. கறுப்பு. ஈரமா ஒட்டிக்கினு, முன்னாடி ஒரு சுழி."

"நெத்தி?"

"சின்னது. சுத்தமா இருந்திச்சி. ஒண்ணும் இல்ல, தோல்தான்."

"கண்ணு?"

"மூடியிருந்திச்சி. ரெண்டும் அது எடத்துல. இமையில முடி. தெறந்து பாக்கல."

"மூக்கு?"

"சாமுவேலு மூக்கு."

"அய்யோ!" என்றாள். "அந்த மூக்கா?" வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பும்தான்.

"உதடு?"

"கருத்திருந்திச்சி. பிளவு இல்ல. மேலுதட்டுல பால் குடிக்கிற புள்ளைங்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு மேடு."

"காது?"

"ரெண்டும் பாத்தேன். மடல் கன்னத்தோட ஒட்டியிருந்திச்சி. மேல ஒரு சின்ன மடிப்பு."

"கை?"

"வலது கை வெளிய இருந்திச்சி. மூடியிருந்திச்சி. நா ஒண்ணொண்ணா பிரிச்சேன். அஞ்சி. நகம் வெட்டற அளவுக்கு வளந்திருந்திச்சி."

"இடது?"

"துணிக்குள்ள. பாக்கல."

"ஏன் பாக்கல?" குரல் உயர்ந்தது. "அவ்ளோ தூரம் பாத்துட்டு ஏன் பாக்கல?"

"வலது கைய பிரிச்சனா. அது மறுபடி மூடிக்கல. அதுக்கு மேல என்னால முடியல."

நம்பிவிட்டாள். அந்த இடத்தில்தான் நம்பினாள், தெரிந்தது. தோள் இறங்கியது.

கால் ஒன்று பார்த்தேன் என்றும், விரல்கள் பட்டாணி மாதிரி வரிசையாக இருந்தன என்றும் சொன்னேன். எடை சொன்னேன். என் கையில் எப்படி இருந்தாள் என்று கேட்டாள். காட்டினேன். கை ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது.

"அழகா இருந்தாளாப்பா?"

அதற்கு என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏன்?"

"தெரியலமா." கோமதி சொன்னதைச் சொன்னேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தும் நின்றுபோவது உண்டு. பிரித்துப் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. எஸ்தர் கால்வாய்ப் பக்கம் பார்த்தாள். இன்று தண்ணீருக்கு நிறம் இல்லை.

"அப்ப இதுக்கும் எதுவும் சொல்ல முடியாது."

"முடியாது."

"ம்." வயிற்றின் மேல் விசிறியை வைத்தாள். அது மேலும் கீழும் அசைந்தது, அவள் மூச்சுக்கு மட்டும் இல்லை. "அவ எங்க இருக்கான்னு மட்டும் காட்டுங்க. பெத்ததும் போலாம். இப்ப வேணாம், அம்மா பயப்படுவாங்க."

மதியம் கருவாட்டுக் குழம்பு. எஸ்தர் மறுசோறு வாங்கினாள். கிருபா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டியை வழித்து அவள் தட்டிலேயே போட்டாள்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டால் அது என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 23, புதன்

விடிகாலையில் நல்ல மழை. வாடை அடங்கிவிட்டது. மாடித் துணி நனைந்தது.

கட்டுரை முடிந்தது. 'தெரியவில்லை' உள்ளே இருக்கிறது. பாலு படம் கேட்டார். எஸ்தரிடம் கேட்டேன். "அனுப்புங்க. அதுவும் யாரோ பெத்ததுதான." அனுப்பினேன். பிறகு போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

குளியலறையில் எஸ்தர், தண்ணீர்ச் சத்தம். கிருபா தலைக்கு எண்ணெய் தேய்க்கத் தோடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமல்:

"மூக்கு சாமுவேலுதாமே."

"ம்."

"எஸ்தரு சொன்னா. ராத்திரி பூரா தூங்கினாளாம்."

"ம்."

தவிட்டு டப்பா மேல் தோட்டை வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"காது?"

அவளுடைய காதைப் பார்த்தேன். கன்னத்தோடு ஒட்டிய மடல். மேலே சின்ன மடிப்பு. இத்தனை வருடம் தோட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

"உன்னுது."

விரல் அங்கே போய் நின்றது.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."